கரையில் நிற்கும் ஆற்றுப்பாலையை விட்டுவைக்கச் சொல்லுங்கள்

டெல்டா மாவட்டங்களின் பாசன விவசாய சங்க நிர்வாகிகளுக்கும், தூர்வாரும் பணியைக் கண்காணிக்கும் உழவர் குழுவினருக்கும்,

வணக்கம்.

சித்திரை பிறந்தால் நம் பக்கம் தூர்வாரும் பேச்சு ஆரம்பித்துவிடும். ஜூன் 12-ஆம் தேதி மேட்டூர் திறப்பதற்குள் ஆறும் வாய்க்காலும் வடிகாலும் தயாராக இருக்க வேண்டும் என்று நாம் எல்லோரும்தான் கேட்கிறோம். குறைதீர்க்கும் கூட்டத்தில் மனு கொடுக்கிறோம், வேலை நடக்கும் இடத்தில் போய் நிற்கிறோம், ஆழம் போதவில்லை என்று சண்டை போடுகிறோம். நானும் பாபநாசத்துக்கு மேற்கே குடமுருட்டிப் பாசனத்தில் நடவு நடுகிறவள்தான். கடைமடைக்குத் தண்ணீர் போய்ச் சேராத வருஷம் எப்படி இருக்கும் என்று எனக்கும் தெரியும். அதனால் தூர்வாருவதை நிறுத்தச் சொல்லி இதை எழுதவில்லை.

நான் கேட்பது கரையோரத்தைப் பற்றி. வேலை முடியும் தறுவாயில் நம் ஆட்களே பொக்லைன் ஓட்டுகிறவரிடம், "அப்படியே கரையையும் சுத்தமா வழிச்சு விட்டுடுங்க தம்பி" என்று சொல்வதை எத்தனையோ இடத்தில் கேட்டிருக்கிறேன். அவரும் நல்ல மனதோடு வழித்துவிட்டுப் போகிறார். நாணல், நொச்சி, புங்கங்கன்று, நீர்மருதங்கன்று எல்லாம் ஒரே வாரலில் மண்ணோடு போய்விடும். அவற்றோடு சேர்ந்து போகும் ஒரு மரத்துக்காகத்தான் முக்கியமாக எழுதுகிறேன். அதுதான் ஆற்றுப்பாலை. சிலர் ஆற்றுவஞ்சி என்பார்கள், நீர்வஞ்சி என்றும் சொல்வதுண்டு.

மரத்தைப் பார்த்திருப்பீர்கள், பெயர் கேட்டிருக்க மாட்டீர்கள். தண்ணீர் விளிம்பில் சற்றுச் சாய்ந்து நிற்கும். பட்டை கருத்து, நீளவாக்கில் வெடித்திருக்கும். இலை அரளி இலையை நினைவுபடுத்தும், ஆனால் அத்தனை தடிப்பு இல்லை. மேல்பக்கம் பச்சை, அடிப்பக்கம் சாம்பல் பூத்த வெளுப்பு. மேல்காற்று அடிக்கும்போது இலையெல்லாம் புரண்டு மரம் முழுக்க வெள்ளையாகிவிடும், காற்று நின்றால் மறுபடி பச்சை. வில்லோ என்று உலகம் முழுக்கச் சொல்லும் மரக்குடும்பத்தில் நம் ஊருக்கு வாய்த்தது இது. வில்லோக்களில் பெரும்பாலானவை குளிர்நாட்டு மரங்கள். காஷ்மீரில் கிரிக்கெட் மட்டை செய்கிறார்களே, அது மேற்கேயிருந்து வந்த இனம். மலை ஊர்ப் பூங்காக்களில் கிளை தொங்க நிற்கும் வில்லோ சீனத்து மரம். ஆற்றுப்பாலையோ நம் வெப்பத்துக்கும் நம் வெள்ளத்துக்கும் பழகி இங்கேயே இருந்து வந்த மரம். சோழமண்டலக் கரையின் செடிகொடிகளை எழுதிவைத்த வில்லியம் ராக்ஸ்பரோ 1790களிலேயே இதைப் படத்தோடு பதிவு செய்து சேலிக்ஸ் டெட்ராஸ்பெர்மா என்று பெயர் வைத்துவிட்டார்.

இந்த மரம் பிழைக்கும் விதத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். நாம் செய்வது எங்கே போய் அடிக்கிறது என்பது அதில்தான் இருக்கிறது.

ஆற்றுப்பாலையில் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. பனை மாதிரி. பனிக்காலத்தில் இலையைக் கொட்டிவிட்டு, புதுத் தளிரோடு விரல் நீளத்துக்குப் பூங்கதிர் விடும். ஆண் கதிரில் மஞ்சள் தூள் ஒட்டும், தேனீ மொய்க்கும். பெண் கதிரில் சின்னச் சின்னப் பச்சைக் காய்கள். அவை முற்றி வெடித்தால் உள்ளே பட்டுப் பஞ்சு. அந்தப் பஞ்சில் ஒட்டியிருக்கும் விதை கண்ணுக்குச் சரியாகத் தெரியாத அளவு சிறிசு. காற்றில் பறக்கும், தண்ணீரில் விழுந்து மிதக்கும், கரையோரம் நுரையோடு ஒதுங்கும். இந்த விதையை நெல் மாதிரி கோட்டை கட்டி வைக்க முடியாது. உதிர்ந்த சில நாட்களில் ஈரமான, வெறும் வண்டல் கிடைத்தால் முளைக்கும். இல்லையென்றால் செத்துவிடும். நிழல் ஆகாது, புல் மண்டிய இடம் ஆகாது, காய்ந்த மண் ஆகவே ஆகாது.

இப்போது நம் பாசன நாள்காட்டியோடு வைத்துப் பாருங்கள். மேட்டூர் அணை 1934-இல் வந்ததிலிருந்து ஆற்றின் ஏற்ற இறக்கம் அணையின் கையில் இருக்கிறது. வழக்கப்படி ஜூன் 12-இல் திறந்து ஜனவரி 28-இல் மூடுகிறார்கள். மூடியதும் தை மாதக் கடைசியில் தண்ணீர் மெல்ல உள்வாங்கி, கரையோரம் கணுக்கால் புதையும் எக்கல், அதாவது வண்டல் சேறு, வெளியே தெரியும். ஆற்றுப்பாலை விதை உதிர்வதும் அதை ஒட்டித்தான். அந்த எக்கலில் விழுந்தது முளைத்து, ஈரத்தைத் துரத்திக்கொண்டு வேரைக் கீழே இறக்கி, சித்திரையில் ஒரு சாண் உயரம் வந்திருக்கும். சரியாக அந்த நேரத்தில் பொக்லைன் வந்து, சரியாக அந்த இடத்தை வழிக்கிறது. பெரிய மரத்தை யாரும் வெட்டாத ஊரில்கூட இளங்கன்று கண்ணில் படாததற்கு இதுதான் காரணம் என்று நான் நினைக்கிறேன். நிற்பதெல்லாம் கிழட்டு மரங்கள். அவையும் ஒவ்வொன்றாக வெள்ளத்திலும் புயலிலும் சாய்கின்றன. பக்கத்தில் ஆண் மரம் இல்லாத பெண் மரம் எவ்வளவு காய்த்தாலும் பயனில்லை.

எங்கள் பகுதியில், ஆறு தெற்கே வளையும் ஒரு முக்கில் இரண்டு ஆற்றுப்பாலைகள் இருந்தன. சில வருஷத்துக்கு முன் வேலைக்கு வந்த ஓர் ஒப்பந்ததாரரின் ஆட்கள் இயந்திரம் திரும்ப இடம் வேண்டும் என்று இரண்டையும் பிடுங்கிப் போட்டார்கள். ஊரில் யாரும் தடுக்கவில்லை, இயந்திரத்துக்கு மணிக்கணக்கில் வாடகை ஓடுகிறது அல்லவா. அந்த வேரைப் பார்த்தேன். மரத்தின் உயரத்துக்கு அடியில் போன ஆணிவேர் எதுவும் இல்லை. பக்கவாட்டில், தண்ணீர் மட்டத்தை ஒட்டி, கரையோடு கரையாக இரண்டு ஆள் நீளத்துக்கு ஓடியிருந்தது. அதிலிருந்து சிவந்த மயிர்வேர் கொத்துக்கொத்தாகத் தொங்கியது. உதறினாலும் மண் கொட்டவில்லை, அப்படிப் பின்னியிருந்தது. அடுத்த ஐப்பசி மழையில் அதே முக்கில் கரை உள்வாங்கிச் சரிந்தது. சவுக்குக் கட்டை அடித்து, மணல் மூட்டை அடுக்கி, ராத்திரி முழுக்க லைட் கட்டி நின்றோம். மரம் போனதால் மட்டுமே சரிந்தது என்று சொல்ல மாட்டேன், முக்கில் தண்ணீர் மோதத்தான் செய்யும். ஆனால் அந்த மோதலை வாங்கிக்கொண்டிருந்தது அந்த வேர்தான்.

அந்தச் சிவந்த வேர்க்கொத்து தண்ணீருக்குள் தொங்கும்போது கெண்டைக்குஞ்சும் இறாலும் அதற்குள்தான் ஒதுங்கும். சின்னப் பிள்ளைகள் கூடையை வேருக்கு அடியில் கொடுத்து ஆட்டி இறால் பிடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். மேலே கிளையில் மீன்கொத்தி உட்காரும், அந்தி சாய்ந்தால் வக்கா வந்து அடையும். கரும்புள்ளி போட்ட ஆரஞ்சு நிற வண்ணத்துப்பூச்சி, சிறுத்தையின் பெயரால் அழைக்கப்படுவது, இதன் தளிரில் முட்டை வைக்கும் இனங்களில் ஒன்று. காவிரியில் இன்னும் மிச்சமிருக்கும் நீர்நாய்க்கு மறைந்துகொள்ள இப்படி வேர் பின்னிய கரை வேண்டும். கழித்துப்போட்ட தழையை ஆடு தின்னும். இளம் விளார் கூடை முடைய வளையும். பட்டையைக் காய்ச்சலுக்குக் கஷாயம் போடுவதும் உண்டு. வில்லோப் பட்டையில் இருக்கும் சாலிசின் என்ற சரக்கிலிருந்து தொடங்கிய ஆராய்ச்சிதான் கடைசியில் ஆஸ்பிரின் மாத்திரையில் போய் முடிந்தது. சரி, அதை விட்டுவிடுவோம், மருந்துக்காக நான் இந்த மரத்தைக் கேட்கவில்லை.

கரையைச் சுத்தமாக வழித்த பிறகு அந்த இடம் சுத்தமாகவா இருக்கிறது? முதல் மழைக்கே நெய்வேலி காட்டாமணக்கு வந்து உட்கார்ந்துவிடுகிறது. வெப்பமண்டல அமெரிக்காவிலிருந்து வந்த செடி அது. ஒரு விரல் நீளத் துண்டு ஈர மண்ணில் கிடந்தால் போதும், வேர் பிடிக்கும். பொக்லைன் அதைத் துண்டு துண்டாக்கி, கரை நெடுக மண்ணோடு கலந்து பரப்பிவிட்டுப் போகிறது. நாமே நட்டால்கூட அவ்வளவு சீராக வராது. ஆடு தின்றால் விஷம், அடுப்புக்கும் ஆகாது, வாய்க்காலுக்குள் சாய்ந்து வெங்காயத்தாமரையைப் பிடித்து நிறுத்தி ஓட்டத்தை மறிப்பதும் அதுதான். நல்ல வெயில் விழும் வெறும் மண் அதற்குக் கொண்டாட்டம். மரம் அடர்ந்து நிழல் விழுந்த கரையில் அதே செடி சோனியாகிக் கிடக்கிறது, இதை நீங்கள் எந்த ஊர் ஆற்றங்கரையிலும் நடந்து பார்த்துச் சரிபார்க்கலாம். ஆக, எதை ஒழிக்க வேண்டும் என்று இயந்திரத்தைக் கூப்பிடுகிறோமோ அதற்கே இடம் பண்ணிக் கொடுக்கிறோம். காட்டாமணக்கை வேரோடு எடுங்கள், மண்ணோடு விடாமல் வெளியே கொண்டுபோய்க் காயப் போடுங்கள், சீமைக்கருவேலையும் எடுங்கள். அதற்கெல்லாம் நான் கூடவே நின்று உதவுவேன். அந்த வேலையைக் கைவேலையாக, ஆள் வைத்துச் செய்ய வேண்டும் என்பதுதான் என் வாதம்.

ஆற்றுப்பாலை ஒன்று மட்டும் தனியாக நின்று என்ன செய்யும் என்று கேட்பீர்கள். அது தனியாக நிற்பதில்லை. படுகை என்று நாம் சொல்லும் ஆற்றுக்கும் கரைக்கும் நடுவில் உள்ள அந்த நிலத்துக்கு ஓர் அடுக்கு உண்டு. தண்ணீர் விளிம்பில் கோரையும் நாணலும். அதை ஒட்டி, வருஷத்தில் பாதி நாள் காலை நனைத்துக்கொண்டு ஆற்றுப்பாலையும் நொச்சியும். ஒரு படி மேலே புங்கு, நீர்மருது, நீர்க்கடம்பு, நாவல். அதற்கும் மேலே மூங்கில், இலுப்பை, அப்புறம் நம் வாழையும் தென்னையும். கிழக்கே போகப் போக இந்த அடுக்கு மாறும். உப்புக்காற்று தட்டும் இடத்தில் தாழை வந்துவிடும், பிச்சாவரம் பக்கம் தில்லையும் கண்டலும். ஆற்றுப்பாலை நல்ல தண்ணீர் மரம், கழிமுகத்தில் அதைத் தேடக்கூடாது. நம் டெல்டாவில், முக்கொம்புக்குக் கிழக்கே காவிரி பிரிந்து பிரிந்து ஓடும் பகுதியில்தான் அதன் இடம்.

2022 ஆகஸ்டில் மேட்டூரிலிருந்து இரண்டு லட்சம் கனஅடி அளவுக்குத் தண்ணீர் வந்தபோது கொள்ளிடத்துத் திட்டு ஊர்கள், நாதல்படுகை, முதலைமேடு, வெள்ளமணல் எல்லாம் மூழ்கியதை மறந்திருக்க மாட்டோம். அவ்வளவு தண்ணீரை எந்த மரமும் தடுக்காது. ஆனால் வெள்ளம் வடியும்போது கரையை அறுத்துக்கொண்டு போவது வேறு கதை. அங்கே இந்த அடுக்குக்கு வேலை இருக்கிறது. அடுக்கில் கீழ்ப்படியை எடுத்துவிட்டால் மேலே நிற்கும் மருதமும் புங்கும் நாளைக்கு அந்தரத்தில் நிற்கும். அந்த மரங்களுக்காவது கோயில் துணை உண்டு. திருவிடைமருதூரில் மருது தலமரம், திருப்புன்கூரில் புங்கு. ஆற்றுப்பாலைக்கு நம் பக்கம் அப்படி ஒரு காவல் இல்லை.

இதற்கு நம்மிடையே சொல்லப்படும் மறுப்பு எனக்குத் தெரியும். ஆற்றுக்குள் மரம் இருந்தால் ஓட்டம் தடைபடும், சாய்ந்து போய் மதகில் அடைத்துக்கொள்ளும் என்பார்கள். அதில் நியாயம் இருக்கிறது. மதகுக்கும் ரெகுலேட்டருக்கும் முன்னாலும் பின்னாலும் மரம் கூடாது. இரண்டு எட்டில் தாண்டிவிடும் கிளை வாய்க்காலில் ஆற்றுப்பாலைக்கு இடம் கிடையாது. ஆற்றின் நடுத்திட்டில் முளைத்ததை எடுத்தாலும் நான் பேச மாட்டேன். ஆனால் காவிரி, குடமுருட்டி, வெட்டாறு, வெண்ணாறு, அரசலாறு மாதிரி அகலமான ஆறுகளின் கரை விளிம்பில் அது நின்றால் என்ன கெட்டுவிடும்? இளம் ஆற்றுப்பாலை வெள்ளத்தில் விறைத்து நிற்காது, படுத்து எழுந்துகொள்ளும். வயசான மரம் கனம் தாங்காமல் சாய்கிற மாதிரி இருந்தால் இடுப்புயரத்தில் கழித்துவிடலாம். மறுபடி தழைக்கும், வேர் கரைக்குள்ளேயே இருக்கும். முழுசாகப் பிடுங்குவதற்கும் கழித்துவிடுவதற்கும் கூலியில் பெரிய வித்தியாசம் இல்லை, கரைக்குத்தான் வித்தியாசம்.

இன்னொரு மறுப்பு, கான்கிரீட் போட்டுவிட்டால் மரமும் வேண்டாம் மட்டையும் வேண்டாம் என்பது. கல்லணைக் கால்வாயில் கான்கிரீட் தளம் போட வந்தபோது, நிலத்தடி நீர் ஊறாது என்று குரல் கொடுத்தவர்கள் நீங்கள்தான். அந்த நியாயம் கரைக்கும் பொருந்தும். ஊர் குடியிருப்பை ஒட்டிய இடத்தில், படித்துறையில், மதகடியில் சுவர் வேண்டும்தான். மற்ற இடத்தில் சுவருக்குப் பின்னால் மண் கரைந்து, சுவரே ஆற்றுக்குள் குப்புற விழுந்து கிடப்பதையும் பார்த்திருக்கிறோம்.

நம் மாவட்டத்துக்குக் கரையில் மரம் வளர்ப்பது ஒன்றும் புதிது இல்லை. தஞ்சாவூர் வாய்க்கால் கரைத் தேக்கு என்றால் மர வியாபாரிகளிடம் தனி மதிப்பு. வனத்துறை நட்டு, எண் போட்டு, தலைமுறையாகக் காப்பாற்றிய மரங்கள் அவை. கரைமேல் நிற்கும் தேக்குக்கு எண் போட முடிந்த நமக்குக் கரையடியில் நிற்கும் ஆற்றுப்பாலைக்கு ஒரு வெள்ளைக் கோடு போட முடியாதா? 2022-இல் தொடங்கிய பசுமைத் தமிழகம் இயக்கம் நாட்டு மரங்களை வளர்க்கத்தான் வந்தது. சங்கம் எழுதிக் கேட்டால் வனத்துறை நாற்றங்காலில் தேக்கு, மகோகனி, மலைவேம்போடு நீர்மருது, நீர்க்கடம்பு, ஆற்றுப்பாலைக்கும் ஒரு பாத்தி ஒதுக்க முடியும். ஒரு தனி ஆள் கேட்டால் வேலைக்காகாது, சங்கம் கேட்டால் நடக்கும்.

அதனால் உங்களிடம் நான் கேட்பது இதுதான். இந்த வருஷம் தூர்வாரும் பட்டியல் வந்ததும், இயந்திரம் இறங்குவதற்கு முன்னால், ஒவ்வொரு ஊர் உழவர் குழுவிலிருந்தும் ஒருவர் பொறியாளரோடு கரையை ஒரு தடவை நடந்துவிடுங்கள். மரம் தெரிந்த ஒரு பெரியவரைக் கூட்டிக்கொள்ளுங்கள், ஆடு மேய்ப்பவராக இருந்தால் இன்னும் நல்லது. விட வேண்டிய மரத்துக்குச் சுண்ணாம்பு அடியுங்கள். எஸ்டிமேட்டில் கரைச் செடிகொடிகளை அகற்றுதல் என்று மொத்தமாக எழுதியிருந்தால், காட்டாமணக்கு, சீமைக்கருவேல், வெங்காயத்தாமரை என்று பெயர் சொல்லி எழுதக் கேளுங்கள். பெயர் எழுதிவிட்டால் மற்றதில் கை வைக்க ஒப்பந்ததாரரே யோசிப்பார். இரண்டு கரையையும் ஒரே வருஷம் வழிக்க வேண்டாம். ஒரு கரையில் இறங்கி அள்ளினால் மறு கரை அப்படியே இருக்கட்டும், அடுத்த முறை மாற்றிக்கொள்ளலாம். அள்ளிய மண்ணை மரத்தடியில் குவிக்காதீர்கள், அடிமரம் மூடினால் எந்த மரமும் மூச்சு முட்டிச் சாகும். சம்பு, நாணலுக்குத் தீ வைக்கும் பழக்கத்தையும் விட்டுவிடுவோம்.

கரை அரிக்கும் முக்குகளுக்குப் போத்து நடலாம். பூவரசுக்கும் கிளுவைக்கும் வைப்பது மாதிரியேதான். மணிக்கட்டுக் கனத்தில், ஒன்றரை முழ நீளத்துக்குக் கிளை வெட்டி, அடிப்பக்கம் தண்ணீரில் இரண்டு நாள் ஊற வைக்க வேண்டும். ஆடியில் தண்ணீர் வந்து கரை நன்றாக நனைந்த பிறகு, தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, ஓட்டத்தின் பக்கமாகச் சாய்த்து, மூன்றில் இரண்டு பங்கு மண்ணுக்குள் போகும்படி அடித்து இறக்கினால் போதும். ஐப்பசி வெள்ளத்துக்குள் பிடித்துக்கொள்ளும். முதல் கோடையில் ஆறு காயும்போது மட்டும் அவ்வப்போது குடத்தில் தண்ணீர் ஊற்ற வேண்டியிருக்கும், முள் வைத்து ஆட்டை மறிக்க வேண்டும். ஆண் மரத்திலிருந்தும் பெண் மரத்திலிருந்தும் கலந்து வெட்டுங்கள். ஒரே மரத்தில் வெட்டினால் எல்லாம் ஒரே பாலாகத்தான் வரும், விதை கட்டாது. எது ஆண், எது பெண் என்று பனிக்காலத்தில் பூக்கும்போதே பார்த்துத் துணி கட்டி வைத்துக்கொள்வது நல்லது.

எங்கள் ஊருக்கு மேற்கே படுகையில் ஆணும் பெண்ணுமாகச் சில நல்ல மரங்கள் நிற்கின்றன. நிலத்துக்காரர்களிடம் கேட்டுவிட்டேன், கிளை வெட்டச் சம்மதம் சொல்லியிருக்கிறார்கள். பாபநாசம், திருவையாறு, கும்பகோணம் வட்டத்துச் சங்கங்கள் எந்த முக்குக்கு எத்தனை போத்து வேண்டும் என்று ஆனிக் கடைசிக்குள் சொல்லி அனுப்பினால், வெட்டி, ஆண் பெண் பிரித்துக் கட்டி, ஊற வைத்துக் கொடுக்கும் வேலையை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
குடமுருட்டிக் கரை விவசாயி ஒருத்தி